வாலை நிமிர்த்த வேண்டாம், ஊசியைப் போடுங்கள்

தெருநாய்க்கு வைத்தியம் பார்ப்பதைப் பற்றிப் போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போக, வாட்ஸ்அப் நிரம்பி வழிகிறது. பாதிப் பேர் வாலாட்டுகிறார்கள், பாதிப் பேர் குரைக்கிறார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க நாலு கால் கேள்விகள்தான்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே. காஜாங்கில் இப்போது எதைக் காணோம்?
– சாத்தே பிரியன், காஜாங்

கல்லும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. டாக்டரைத்தான் காணோம்.

என்ன இப்படிச் சொல்லிவிட்டீர்கள்? இங்கே கடைவரிசைக்கு ஒரு பெட் கிளினிக் இருக்கிறதே?
– ஜாலான் ரெக்கோ வாசகி

இருக்கிறது. ஏ.சி. இருக்கிறது, விலைப்பட்டியலும் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடை வாடகை, மயக்க மருந்து, எக்ஸ்ரே இயந்திரம் எல்லாம் அவர்கள் கைக்காசு. ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் ஜாலான் செமினியில் இருக்கும் காஜாங் மருத்துவமனையில் 1 ரிங்கிட் கட்டி வெளிநோயாளியாக டாக்டரைப் பார்க்கலாம். மீதிச் செலவு அரசாங்கத்துடையது. பெட்டை நாய்க்குக் கருத்தடை என்றால் தனியாரிடம் சில நூறு ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளைகளின் டியூஷன் போக நாய்க்கு மிஞ்சுவது தலையில் ஒரு தடவல்.

பணம் இருந்தாலும் எப்படிப் போவது? எம்.ஆர்.டி.யில் நாயை ஏற்ற மாட்டார்கள். சாதாரண கிராப் ஓட்டுநர் நாயைப் பார்த்தால் பயணத்தையே ரத்து செய்துவிடுவார். மோட்டார் சைக்கிள் கூடையில் 18 கிலோ நாட்டு நாயை வைத்து ஓட்டிப் பாருங்கள், அப்புறம் உங்களுக்கே அந்த 1 ரிங்கிட் சீட்டு தேவைப்படும். அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறை நாய், பூனையையும் பார்க்கிறது, கட்டணமும் குறைவு. ஆனால் அது அலுவலக நேரத்தில். தெருநாய் அடிபடுவது பெரும்பாலும் ராத்திரியில்.

தோட்டத்திலிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவர்களிடம் நாய்ப் பாசத்துக்குப் பஞ்சமே இல்லை. டாக்டரும் வண்டியும்தான் அவர்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை. இந்த இதழில் நான் சொல்ல வருவது இதைத்தான். மற்றதெல்லாம் வால்.

மனுஷனுக்கே மருந்து வாங்கக் காசில்லை. நாய்க்கு எதற்கு ஐயா ஊசி?
– கோபக்காரன், பாலாக்கோங்

கோபத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கில்தான் பிழை. வெறிநாய்க்கடி நோய் மனிதனுக்கு வருவதில் 99 விழுக்காடு வரை நாயின் வழியாகத்தான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு வட்டாரத்தில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். யாரை நாய் கடிக்கிறது என்று யோசியுங்கள். வேலி போட்ட குடியிருப்பில் காரில் ஏறி, காரில் இறங்குகிறவரையா? விடியற்காலை தொழிற்சாலை பஸ்ஸுக்கு நடப்பவரை, குப்பை அள்ளுபவரை, பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளையைத்தான். ஊசி நாய் தொடையில் ஏறுகிறது, பலன் அந்தப் பிள்ளைக்குப் போகிறது.

மலேசியாவில்தான் வெறிநோய் இல்லையே?
– நிம்மதியானவர், பாங்கி

நிம்மதியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். 2012-இல் நோயற்ற நாடு என்ற அங்கீகாரம் கிடைத்தது உண்மை. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் நோய் தலைகாட்டியது. 2017 ஜூலையில் சரவாக், செரியான் வட்டாரத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பின் சரவாக் இன்னும் மீளவில்லை. சிலாங்கூர் வெகுதூரம்தான், ஆனால் கிருமி சான்றிதழ் படிப்பதில்லை.

எந்த நாய் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தில் காப்பித் தூள் வைக்கும் பாட்டி இருந்தால், அந்தத் தூளில் அவருக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள்.

குரைக்கிற நாய் கடிக்காதுதானே?
– பழமொழிப் பைத்தியம், செமினி

குரைக்கும்போது கடிக்காது. ஒரே வாய் பாருங்கள். நிறுத்தியதும் கவனம்.

எங்கள் கடைப் பக்கம் வரும் நாய்களுக்கு மிஞ்சிய சாத்தேயைப் போடுகிறேன். புண்ணியம்தானே?
– ராத்திரிக் கடைக்காரர், காஜாங்

குச்சியை உருவிவிட்டுப் போட்டால் புண்ணியம். இறைச்சி வாசனை ஏறிய குச்சியை நாய் அப்படியே விழுங்கும். அது இரைப்பையையோ குடலையோ துளைத்துவிட்டால் அறுவைச் சிகிச்சைதான் வழி. வெந்த கோழி எலும்பும் சிலும்பு சிலும்பாக உடைந்து அதே வேலையைச் செய்யும். கச்சான் குழம்பையும் ஊற்றாதீர்கள். அதில் வெங்காயம் இருக்கிறது, வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெறும் சோறு, கொஞ்சம் வெந்த கோழிச் சதை, தண்ணீர் போதும். வாசல் தொட்டியில் குச்சிகளைப் போட்டால் மூடி இறுக்கமாக இருக்கட்டும். சாத்தே ஊரில் குச்சிக்குப் பஞ்சமில்லை.

சொறி நாய்க்குப் பழைய எஞ்சின் ஆயில் தடவினால் ஒரே வாரத்தில் போய்விடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். உண்மையா?
– பட்டறை உதவியாளர், பத்து 9 செராஸ்

போய்விடும். நாயும் சேர்ந்து. ஆயில் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். நாய் அதை நக்கும், நக்கியது ஈரல், சிறுநீரகம் வரை போகும்.

சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. தோலுக்குள் சுரங்கம் தோண்டிக் குடியிருக்கும். காது மடல் ஓரம், முழங்கை, வயிறு இங்கேதான் முதலில் முடி கொட்டி, பொருக்குத் தட்டி, ஒரு புளித்த வாடை வரும். டாக்டர்கள் செய்யும் ஒரு சின்னச் சோதனை உண்டு. காது மடலின் ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்ப்பார்கள். சொறி உண்ணி இருந்தால் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகவே எழுந்து காற்றில் சொறிய ஆரம்பிக்கும். பிறகு தோலைக் கொஞ்சம் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்து உறுதி செய்வார்கள். எடை பார்த்து மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் சில வாரத்தில் முடி முளைத்துவிடும். அதற்குள் உங்கள் கையிலும் அரிப்பு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அந்த உண்ணி மனிதனையும் கொஞ்ச நாள் பதம் பார்க்கும்.

கூடவே இரண்டு எச்சரிக்கை. புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், சதை வெந்துபோகும். காய்ச்சலாக இருக்கிறதே என்று பனடோல் கொடுக்காதீர்கள். நாயின் ஈரலைக் கெடுக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே எமன்.

தெருப் பெட்டை ஒன்றுக்குப் பின்பக்கம் ரத்தம் சொட்டுகிறது, பூக்கோசு மாதிரி சதை வளர்ந்திருக்கிறது. புற்றுநோய், கொன்றுவிடுவதே கருணை என்கிறார்கள். என்ன செய்வது?
– மனசு கேட்காதவள், சுங்கை சுவா

தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திப் போடுங்கள். நீங்கள் சொல்வது இனப்புணர்ச்சியால் பரவும் புற்றுக்கட்டியாக இருக்கலாம். உலகத்தின் வினோத நோய்களில் ஒன்று அது. கிருமியால் பரவுவதில்லை, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குக் குடிபெயர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய கட்டி, இன்றும் உலகம் முழுக்கத் தெருநாய்களிடம் உயிரோடு இருக்கிறது. அந்த நாய் போய்விட்டது, கட்டி போகவில்லை.

நல்ல செய்தி, இது மருந்துக்குக் கட்டுப்படும் புற்று. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றுவார்கள். நாலைந்து வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி சுருங்கிக் காணாமலே போய்விடும். மருந்து வீரியமானது, டாக்டர்தான் கொடுக்க வேண்டும். மருந்து ஏற்றிய சில நாட்களுக்கு அதன் சிறுநீர், மலத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மனிதனுக்கு இந்தக் கட்டி தொற்றாது. சிரமம் என்னவென்றால், ஒவ்வொரு வாரமும் அதே நாயைப் பிடித்துக் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஆள் நீங்கள்தான் போலிருக்கிறது.

தினமும் அடுக்குமாடிக் கீழே நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். நான் வைப்பதால்தான் குட்டி பெருகுகிறது என்று திட்டுகிறார்கள். நான் செய்வது தப்பா?
– சமையல்கார அம்மா, சுங்கை ஜெலோக்

தப்பில்லை, பாதி. பெட்டை நாய் ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். வருஷத்துக்கு இரண்டு முறை ஈனக்கூடியது, ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி சாதாரணம். நீங்கள் வைக்கும் சோறு இதற்குத் தெம்பு கொடுக்கிறது, அதை மறுக்க முடியாது.

ஆனால் உங்களைத் திட்டுகிறவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று. எந்த டாக்டர் வந்தாலும் அந்த நாய்களைத் தொட முடியாது. கிட்டே வரவைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். எது சினை, எது நொண்டுகிறது, எது இரண்டு நாளாகத் தின்னவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடத்தில் வையுங்கள், தின்று முடித்ததும் இடத்தைக் கழுவுங்கள். கருத்தடை முகாம் நடத்தும் நாளில் உங்களைவிட நல்ல கம்பவுண்டர் கிடைக்கமாட்டார். கணக்கில் பெட்டைகள் முதலில் போகட்டும். ஊரில் பத்துக் கடுவனுக்குச் செய்து ஒன்றை விட்டாலும், அந்த ஒன்று பத்தின் வேலையையும் பார்த்துவிடும்.

முகாம் என்றால் என்னதான் செய்வார்கள்? நாய்க்கு வலிக்காதா?
– பள்ளி மாணவி, காஜாங்

முந்தின நடுராத்திரியிலிருந்து சாப்பாடு கிடையாது. காலையில், வழக்கமாகச் சோறு வைக்கும் அம்மா நாயைக் கூண்டுக்குள் வரவைப்பார், கூண்டின் மேல் துணி போட்டு மூடுவார்கள். இருட்டானால் நாய் அமைதியாகும். எடை பார்த்து, எடைக்குத் தக்க மயக்க ஊசி. சில நிமிடத்தில் கால் தள்ளாடிப் படுத்துவிடும். வயிற்று முடியை மழித்து, கிருமிநாசினி தடவி, சின்னக் கீறல் போட்டுச் சினைப்பையையும் கருப்பையையும் எடுப்பார்கள். தையலைத் தோலுக்கு உள்ளே, தானாகக் கரையும் நூலில் போடுவார்கள். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வா என்றால் தெருநாய் வராது பாருங்கள்.

மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி, வலி குறைக்கும் ஊசி, காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. மறுபடி அதைப் பிடிக்கக்கூடாது என்பதற்கு அந்த வெட்டுத்தான் அடையாள அட்டை. பிறகு பழைய நாளிதழ் விரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாக்கை வெளியே இழுத்துவிடுவார்கள். மயக்கத்தில் கண் மூடாது என்பதால் கண்ணில் களிம்பு. தலை தூக்கும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். உன் வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை அது. தெளிந்து, நடக்கத் தொடங்கியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?
– செயலாளர், குடியிருப்போர் சங்கம்

முப்பது வீடு, மாதம் 10 ரிங்கிட். மாதம் ஒரு பெட்டை நாயின் செலவு வந்துவிடும். கூட்டுக் கட்டிப் பழகிய சமூகத்துக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? காஜாங்கிலிருந்து எட்டும் தூரத்தில், 1958-இல் தொடங்கிய சிலாங்கூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் (எஸ்.பி.சி.ஏ.) அம்பாங்கில் இருக்கிறது. செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மானிய விலையில் கருத்தடை உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு வேன் பிடித்து ஐந்தாறு நாய்களாகக் கொண்டுபோங்கள். தனியார் கிளினிக்கிலும் மொத்தமாகப் பேசினால் குறைத்துக் கொடுக்கும் நல்ல டாக்டர்கள் உண்டு. முக்கியமான யோசனை, பேனர் அடிக்காதீர்கள். அந்தக் காசில் இன்னொரு நாய்க்கு ஊசி போடலாம்.

கோயில்கள் இதில் என்ன செய்ய முடியும்?
– தொண்டர், காஜாங்

தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவருடைய வாகனத்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது சர்வீஸுக்கு விட வேண்டாமா?

எதற்கு இவ்வளவு பாடு? ஆளில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.
– எளிய வழிக்காரர், கிள்ளான்

உங்கள் ஊர்க்காரருக்கே தெரிந்திருக்க வேண்டிய கதை. 2009-இல் பூலாவ் கெத்தாமில் நாய்த் தொல்லை தாங்காமல் 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டார்கள். சோறில்லை, நல்ல தண்ணீரில்லை. பசி முற்றி ஒன்றையொன்று தின்றன. செய்தி உலகம் முழுக்கப் போனது. அதற்கு 99 ஆண்டு முன்பு, 1910-இல் இஸ்தான்புல்லில் பல்லாயிரம் நாய்களைக் கப்பலேற்றி மர்மரா கடல் தீவு ஒன்றில் இறக்கினார்கள். அங்கேயும் அதே முடிவுதான். இஸ்தான்புல்லில் இன்றைக்கும் தெருநாய் இருக்கிறது.

பிடித்துக் கொன்றால் ஒரே நாளில் தீராதா?
– நகராண்மைக் கழக ஆதரவாளர்

சென்னையைக் கேளுங்கள். மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிய 1860-களில் நாளுக்கு ஒன்றுகூட இல்லை, 1995 வாக்கில் நாளுக்கு 135 என்பது புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பின் சின்னி கிருஷ்ணா பல மேடைகளில் சொன்ன கணக்கு. நூறு ஆண்டுக்கு மேல் கொன்றதில் கூடியது கொலைக் கணக்குத்தான். அவருடைய தந்தை, விமானி வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய அந்த அமைப்பு 1964-லேயே கருத்தடையைக் கையில் எடுத்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். 32 வருஷம் ஆனது, கோப்பு நகரும் வேகம் உலகம் முழுக்க ஒன்றுதான்.

பூட்டான் 2009-இல் கருத்தடைத் திட்டத்தைத் தொடங்கி, 2023 அக்டோபரில் தெருநாய்கள் முழுவதற்கும் செய்து முடித்துவிட்டதாக அறிவித்தது. பணக்கார நாடு இல்லை. டாக்டரை நாய் இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள், 14 வருஷம் நிறுத்தாமல் அனுப்பினார்கள்.

கோப்பி வழக்குக்குப் பிறகும் நாயை அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?
– சட்டம் படிப்பவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

2024 அக்டோபரில் திரங்கானு, பெசுட்டில் சுடப்பட்டு இறந்த கோப்பி என்ற அந்தக் கறுப்பு நாய் நாடு முழுக்கப் பேச வைத்தது. சட்டம் முன்பே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017 முதல் நடப்பில். விலங்கைக் கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. அடிப்பதைப் பார்த்தால் கத்துவதோடு கைப்பேசியையும் எடுங்கள். இடம், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலீசிலும் கால்நடைச் சேவைத் துறையிலும் புகார் கொடுங்கள்.

எங்கள் தாமானில் மலாய்க்காரர்கள் அதிகம். நாய் முகாம் என்றால் மனக்கசப்பு வராதா?
– தயங்குபவர், செமினி

ஈரமான நாய் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரில் கழுவுவது அவர்களுடைய வழிபாட்டுச் சுத்தம். அதை நாய் மேல் வெறுப்பு என்று நாமாகப் பொருள் கொள்ளக்கூடாது. 2014 அக்டோபரில் பெட்டாலிங் ஜெயாவில் சையத் அஸ்மி அல்ஹப்ஷி ‘நாயைத் தொட்டுப் பார்க்க ஆசை’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பின்னாலேயே கண்டனமும் மிரட்டலும் வந்து, அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆர்வமும் இருக்கிறது, கூச்சமும் இருக்கிறது. இரண்டுக்கும் மரியாதை கொடுங்கள். சுராவ் பக்கமோ அவர்கள் வாசலிலோ சோறு வைக்காதீர்கள். முகாம் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். நாயைப் பிடிக்காதவருக்கும் கருத்தடை பிடிக்கும், குட்டி குறையுமே. கையுறை போட்டு நாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துவிட்டு, முறைப்படி கழுவிவிட்டுத் தொழப் போகும் முஸ்லிம் டாக்டர்கள் இந்த நாட்டில் நிறைய உண்டு.

எங்கள் குடியிருப்பின் நேப்பாளப் பாதுகாவலர் தீபாவளி சமயத்தில் தெருநாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைக்கிறார். கொஞ்சம் அதிகமாக இல்லை?
– பால்கனியிலிருந்து ஒருவர், பாங்கி

அவர் ஊரில் அது ‘குகுர் திஹார்’, நாய்களுக்கான திருநாள். நாம் அதே வாரம் நாயின் காது கிழியப் பட்டாசு வெடிக்கிறோம். இதில் எது அதிகம்?

நாய் வைத்திருந்த பத்திரகிரியாரைப் பட்டினத்தார் ‘சம்சாரி’ என்று இடித்துரைத்தாராமே? நாய்ப் பாசம் ஆன்மிகத்துக்குத் தடையா?
– பக்தர், கிள்ளான்

திருவிடைமருதூர்க் கதை. அரசைத் துறந்தவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு திருவோடும் ஒரு நாயும். குரு சொன்னது உறைத்ததும் ஓட்டை வீசினார், அது நாயின் தலையில் பட்டு நாய் இறந்தது. கோபுர வாசலில் ஒரு கால்நடை டாக்டர் இருந்திருந்தால் நாய் பிழைத்திருக்கும், பத்திரகிரியாரின் முக்தி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். நான் நாய்க் கட்சி.

மகள் கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள். ‘நாய் டாக்டரா?’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
– ஒரு தகப்பன், காஜாங்

படிக்க வையுங்கள். ஐந்து வருஷப் படிப்பு, செர்டாங்கிலேயே இருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம். சிரிக்கிறவர் வீட்டு நாய் ராத்திரி 11 மணிக்கு வாந்தி எடுக்கட்டும், யார் நம்பரைத் தேடுகிறார் என்று பாருங்கள். மகளிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கிளினிக் திறந்த பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு அடுக்குமாடிக்குக் கீழே.

அடுத்த பிறவியில் தெருநாயாகப் பிறந்தால் எங்கே பிறக்க ஆசை?
– குறும்பன், காஜாங்

பூட்டானில். ஊசி இலவசம். குடும்பம் நடத்த முடியாது என்பது ஒன்றுதான் குறை.